நூற்று எழுபத்தொரு பவுண்டு

மனிதர்கள் கடவுளிடம் கூட உண்மை பேசிவிடுவார்கள், தராசிடம் பேச மாட்டார்கள் என்பது ரோவீனாவின் அசைக்க முடியாத கருத்து. ஒரே தராசுக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு கோடைகாலம் நின்றவளுக்கு அப்படி ஒரு கருத்து இருப்பதில் ஆச்சரியம் என்ன?

ஸ்ப்ரூஸ் லேண்டிங் என்கிற பனிப்பிரதேச ஊரில் சரளைக்கல் ஓடுதளத்தின் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் கைவிடப்பட்ட சால்மன் மீன் தொழிற்சாலையிலிருந்து வாங்கி வந்த மேடைத் தராசு ஒன்று. மலையையும் பனியாற்றையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், நாலு பேர் மட்டுமே உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் முதலில் இதில் ஏற வேண்டும். யாரை முன்னால் உட்கார வைப்பது, யாரைப் பின்னால் தள்ளுவது, எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது எல்லாம் இந்தத் தராசின் முள் சொல்லித்தான் முடிவாகும். மாநில கவர்னரே வந்தாலும் விலக்குக் கிடையாது. ஒருமுறை ஒருவர் வந்தார். ஏறினார். அவரும் பொய்தான் சொன்னார். தினமும் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"உங்க எடை என்ன சார்?"

"நூத்தி எண்பதுங்க. காலேஜ்ல இருந்தப்போ என்னவோ அதேதான். ஒரு பவுண்டு ஏறல."

"ரொம்ப சந்தோஷம். மேல ஏறி நில்லுங்க."

அந்த மனிதர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுவார். வயிற்றை இழுத்தால் எடை குறையும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ! முள் எழும்பும், இருநூறைத் தாண்டும், இன்னும் போகும்.

"பூட்ஸ் கொஞ்சம் கனம்," என்று அவருடைய மனைவி இழுப்பாள்.

"பார்த்தாலே தெரியுதும்மா. அந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு இவர் நடந்து வந்ததே பெரிய சாதனை."

அவ்வளவுதான். எண்ணை மட்டும் ரோவீனா வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். தராசின் முகம் அவள் பக்கம் மட்டுமே திரும்பியிருக்கும். பலகையில் மெழுகுப் பென்சிலால் எண்ணை எழுதி விமானியிடம் காட்டுவாள். விமானம் கிளம்பியதும் துடைத்துவிடுவாள். பொய் சொன்னவருக்கு அவள் கொடுக்கும் ஒரே தண்டனை, இடது புருவத்தை ஒரு தடவை உயர்த்துவது. அந்தப் புருவத்துக்குப் பயந்து மலையைப் பார்க்காமலே திரும்பிப் போனவர்கள் கூட உண்டு என்று ஊரில் சொல்வார்கள்.

எண்ணைச் சொல்லக்கூடாது என்ற சட்டம் அவளே போட்டது. அதற்குக் காரணம் அவள் கணவன் வெஸ்.

வெஸ் விமானி. அழகன். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். தனக்கு அந்தக் குழி விழுகிறது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அவனிடமிருந்த பெரிய வியாதி. காட்டுக்கு நடுவில் நிலம் திருத்திய குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் மூஸ் மானை உரித்துத் துண்டு போடக் கற்றுக்கொண்ட ரோவீனா, இருபத்தொன்பதாவது வயதில் அந்தக் குழிக்குள் விழுந்தாள். கல்யாணம் செய்துகொண்டு ஸ்ப்ரூஸ் லேண்டிங்குக்கு வந்தாள். அங்கே ஹெல்கா என்கிற பெண் இரண்டு விமானங்களை வைத்துக்கொண்டு தனியாளாக மல்லாடிக்கொண்டிருந்தாள். ஒரு விமானத்தை ஹெல்கா ஓட்டினாள், இன்னொன்றை வெஸ் ஓட்டினான், தராசுக்குப் பக்கத்தில் ரோவீனா நின்றாள்.

முதல் வருடமே வெஸ் வேடிக்கை என்று நினைத்து ஒரு பருத்த பெண்ணின் எடையைக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குத்தான் ரோவீனா தராசைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

"இந்த முள் காட்டுறது இந்தக் கொட்டகையைத் தாண்டக்கூடாது. தாண்டிச்சுன்னா அந்த நிமிஷமே நான் வீட்டுக்குப் போயிடுவேன். ஹெல்கா, உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"எனக்கு எதுக்குடி சொல்றே? நான் வாயத் திறந்தேனா?"

"நாளைக்குத் திறப்பே. இப்பவே சொல்லி வைக்கிறேன்."

பதின்மூன்று வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு ஜூலை மாதம், மெல்லிய கழுத்தும் நீலக் கம்பளித் தொப்பியுமாக ஒருத்தி தனியாக வந்தாள். எடை கேட்டதற்கு, "நூத்திப் பதினெட்டு," என்றாள். ஏறி நின்றாள். முள் நூற்றுப் பதினெட்டில் நின்றது. ஒரு பவுண்டு கூட முன்னே பின்னே இல்லை. ரோவீனா தன் வாழ்க்கையில் பார்த்த ஒரே நேர்மையான பயணி அவள்தான். மனதுக்குள் அவளை மெச்சிக்கொண்டே வெஸ்ஸின் விமானத்தில் முன் இருக்கையில் ஏற்றிவிட்டாள். ஒரு மணி நேரச் சவாரி. இரண்டே வாரத்தில் வெஸ் அந்த நூற்றுப் பதினெட்டு பவுண்டோடு தெற்கே போய்விட்டான். சமையலறை மேஜையில் ஒரு கடிதம். 'மலைக்கு மேலே வைத்து எங்களுக்குள் ஏதோ நிகழ்ந்துவிட்டது, மன்னித்துவிடு.'

மலைக்கு மேலே வைத்து! ரோவீனா அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டாள். அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தராசுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அன்று முதல் அந்தச் சவாரி என்றாலே அவளுக்கு இளக்காரம். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் விமானத்தில் போவது வேறு. அது பஸ் மாதிரி. பனியைப் பார்ப்பதற்கென்று பனியின் மேல் பறந்து, திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'வார்த்தையே வரலை' என்று ஒரு மணி நேரம் பேசுகிற கூட்டம் இருக்கிறதே, அதைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எட்டு மாசம் என் வாசல்ல கெடக்குது பனி. வந்து அள்ளச் சொல்லு, இலவசமாப் பார்க்கலாம்," என்பாள்.

ஒவ்வொரு செப்டம்பரிலும், கடைசிப் பயணி போன மறுநாள், ஹெல்கா அவளை அழைப்பாள். "ஒரே ஒரு சுத்து வாடி. நானும் நீயும் மட்டும்." ஒவ்வொரு செப்டம்பரிலும் ரோவீனா மாட்டேன் என்பாள். அது அவர்களுக்குள் ஒரு சடங்காகவே ஆகியிருந்தது.

இந்த வருடம் மட்டும் அந்தச் சடங்கு பிசகியது.

ஆங்கரேஜ் நகரத்து ஆஸ்பத்திரியில் ஜூலை மாதமே டாக்டர் சொல்லிவிட்டார். கணையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. மருந்து ஏற்ற வேண்டும், வாரா வாரம், குளிர்காலம் முழுக்க. பிழைக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று அவர் சொன்ன தோரணையிலேயே அது பாதிக்கும் குறைவு என்று ரோவீனாவுக்குப் புரிந்துவிட்டது. எடையில் பொய் சொல்கிறவர்களை முப்பத்திரண்டு வருடம் பார்த்தவள் அல்லவா!

நோயை நினைத்து அவள் நடுங்கவில்லை. அவள் நடுங்கியது காபி டப்பாவை நினைத்து.

ஸ்ப்ரூஸ் லேண்டிங்கில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் மறுநாளே ஓட்டிஸ் தன் மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் சிகிச்சைச் செலவுக்கு ஊர்க்காரர்கள் காசு போட ஒரு காலி காபி டப்பாவை வைத்துவிடுவான். அதில் நோயாளியின் போட்டோ ஒட்டியிருக்கும். சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஸ்பெகட்டி விருந்து. ஊரே வந்து தக்காளிச் சாற்றை வழித்துத் தின்றுவிட்டு, நோயாளியை நடு நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொருவராகத் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகும். மில்டன் கிழவனுக்கு அப்படிச் செய்தபோது ரோவீனா சுவரோரமாக நின்று பார்த்தாள். முந்தின வாரம் வரை மில்டனோடு வேலித் தகராறு செய்துகொண்டிருந்தவன்தான் முதலில் கட்டிப்பிடித்து அழுதான். நாடகம்! மில்டன் ஒரு மனிதனாக இருந்தது அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவன் வெறும் போட்டோ.

என் மூஞ்சியைக் காபி டப்பாவில் ஒட்ட விடமாட்டேன் என்று அவள் முடிவு செய்தாள். சீசன் முடிந்ததும், ஆரிகனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆங்கரேஜில் ஓர் அறை பிடித்துத் தங்கிக்கொள்வது. பிழைத்தால் வசந்தத்தில் திரும்புவது. இல்லையென்றால் இல்லை. ஹெல்காவுக்குக் கூடச் சொல்லக்கூடாது. ஹெல்காவுக்குத் தெரிந்தால் ஹெல்கா அழுவாள். ஹெல்கா அழுதால் ஊருக்குத் தெரியும்.

உடம்பு கரைந்துகொண்டிருந்தது. நூற்று எழுபத்தொன்றாக இருந்தவள் நூற்று நாற்பத்து மூன்றுக்கு வந்துவிட்டாள். இரண்டு ஸ்வெட்டர், மேலே வெஸ் விட்டுப்போன பெரிய கோட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். யாருக்கும் தெரியவில்லை.

அப்படியிருக்க, செப்டம்பர் கடைசியில் ஹெல்கா வழக்கம்போல அழைத்தபோது, அவள் வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது:

"சரி, வர்றேன்."

ஹெல்கா காபியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னே?"

"காது கேக்கலையா? வர்றேன்னு சொன்னேன். இத்தனை முட்டாளுங்க எதைப் பார்த்து அழுதாங்கன்னு ஒரு தடவை நானும்தான் பார்த்துட்டு வர்றேனே."

"முப்பத்திரண்டு வருஷமா வராதவ, இன்னிக்கு என்ன?"

"கூப்பிட்டா வரலேங்கறே. வந்தா ஏன் வர்றேங்கறே. என்னதான்டி வேணும் உனக்கு?"

ஹெல்கா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரி. நாளைக்குக் காலைல ஒன்பது மணி. ஒரே ஒரு விஷயம்."

"என்ன?"

"தராசுல ஏறணும். இந்தத் தடவை பலகை என் கையில."

அப்போதுதான் ரோவீனாவுக்கு உறைத்தது. முப்பத்திரண்டு வருடம் அவள் மற்றவர்களுக்கு வைத்த பொறி, வாயைத் திறந்துகொண்டு அவளுக்காகவே காத்திருந்தது. வரமாட்டேன் என்று இனிமேல் சொன்னால் ஹெல்கா விடமாட்டாள். ஏன், எதற்கு என்று தோண்டி எடுத்துவிடுவாள்.

ரோவீனாவின் எடை ஹெல்காவுக்கு மனப்பாடம். சாமான் வாங்க ஆங்கரேஜ் போகும்போதெல்லாம் எழுதுகிற எண். நூற்று எழுபத்தொன்று. கோடை முழுக்க ஏதேதோ சாக்குச் சொல்லி, ஊர்க்காரர்களின் டிரக்கில் தரைவழியாகவே போய் வந்திருந்தாள் ரோவீனா. இப்போது இருபத்தெட்டு பவுண்டை எங்கிருந்து கொண்டுவருவது?

விடிந்ததும் அவள் மீன்பிடிப் பெட்டியைத் திறந்தாள். ஈயக் குண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு. பதினாறு இருந்தன. ஒவ்வொன்றையும் பழைய காலுறையில் சுற்றி, கோட்டின் உள்பைகளில் போட்டு, மிச்சத்தைக் கால்சட்டைப் பைகளில் திணித்தாள். இன்னும் பன்னிரண்டு வேண்டும். கொட்டிலில் டிரக் சக்கரத்துக்குப் பனிக்காலத்தில் மாட்டுகிற இரும்புச் சங்கிலி தொங்கியது. அதில் பாதியைக் கழற்றி, ஸ்வெட்டருக்கு மேலே, கோட்டுக்கு உள்ளே, வயிற்றைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றிக் கம்பியால் கட்டினாள்.

குளியலறைத் தராசில் ஏறிப் பார்த்தாள். நூற்று எழுபத்தொன்று. கண்ணாடியில் பார்த்தாள். முகம் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று. மஃப்ளரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உலகத்தில் எல்லோரும் எடையைக் குறைத்துப் பொய் சொல்வார்கள். கூட்டிப் பொய் சொன்னவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

கொட்டகையில் ஹெல்கா பலகையோடு ஜம்பமாக நின்றாள்.

"உங்க எடை என்னம்மா?"

"ரொம்ப ஆடாதே."

"பயணி பயணி மாதிரி பதில் சொல்லணும். எடை?"

"நூத்தி எழுபத்தொண்ணு."

"ஏறி நில்லுங்க."

ஏறினாள். சங்கிலி இடுப்பை அறுத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற ஆயிரம் ஆண்களின் நினைவு வந்தது, சீ என்றிருந்தது. முள் போய் நின்றது. ஹெல்கா பார்த்தாள். எதுவும் சொல்லாமல் பலகையில் எழுதினாள். புருவம் அசையவில்லை.

"என்னடி, திருப்திதானே?" என்றாள் ரோவீனா.

"ரொம்ப நேர்மையான பயணி," என்றாள் ஹெல்கா.

விமானம் சரளையில் தடதடத்து எழும்பியது. முன் இருக்கையில் ரோவீனா. காதில் ஹெட்போன். கீழே ஊர் சுருங்கியது. ஓட்டிஸின் கடை ஒரு தீப்பெட்டி. தீயணைப்பு நிலையம் ஒரு சிவப்புப் பொட்டு. அந்தப் பொட்டுக்குள்தான் இத்தனை பேர் ஸ்பெகட்டி தின்று அழுகிறார்களா? அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எப்படி இருக்கு?" ஹெல்காவின் குரல் காதுக்குள் கேட்டது.

"ஊரு மேலேர்ந்து பார்த்தா இன்னும் கேவலமா இருக்கு."

"அந்தப் பக்கம் பாரு. கரடி ஒண்ணு குட்டியோட."

"என் குப்பைத் தொட்டிய உருட்டினது அதுதான். கீழ இறக்கு, ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

ஹெல்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆறு பின்னல் பின்னலாகப் பிரிந்து கிடந்தது. அதற்கப்பால் பனியாறு தொடங்கியது. வெடிப்புகளுக்குள் நீலம் தேங்கி நின்றது. பயணிகள் வாயைப் பிளக்கும் இடம் இதுதான் என்று ரோவீனாவுக்குத் தெரியும். வேண்டுமென்றே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மலை முன்னால் எழும்பி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்ட பிறகும் இன்னும் மேலே இருந்தது.

இதற்கா? இந்தக் கல்லுக்கா ஒருவன் பதின்மூன்று வருடத்தை உதறிவிட்டுப் போனான்? பெரிய கல்தான். அதற்காக?

அப்போது ஹெல்கா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். அவள் கண் முன்பலகையின் மேலே இருந்த திசைகாட்டியில் இருந்தது. பனியாற்றின் இந்த நேர் பகுதியில் ஆயிரம் முறை பறந்தவள். திசைகாட்டி இங்கே என்ன காட்டும் என்பது அவளுக்குத் தன் பிறந்தநாள் மாதிரி தெரியும். அது இருபது டிகிரி தள்ளி நின்றது. விரலால் தட்டினாள். ஆடிவிட்டு அதே இடத்தில் போய் நின்றது.

"ரோவீனா, கேமரா ஏதாவது வச்சிருக்கியா?"

"நான் எதுக்குக் கேமரா வச்சிருக்கப் போறேன்?"

"கொஞ்சம் பின்னால சாய்ஞ்சு உக்காரு."

சாய்ந்தாள். திசைகாட்டி கொஞ்சம் திரும்பியது.

"இப்ப முன்னால வா."

ரோவீனா அசையவில்லை. அவள் கை கோட்டுக்கு மேலாகச் சங்கிலியைத் தொட்டது. முன் இருக்கையில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் முப்பத்திரண்டு வருடமாக அவளே சொல்லிவந்த வாக்கியம் அது: 'இரும்புச் சாமான் எதையும் மடியில வச்சுக்காதீங்க, திசைகாட்டிக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.' ஈயம் ஒன்றும் செய்யாது. சங்கிலி இரும்பு. இத்தனை முட்டாள்களை ஏற்றி அனுப்பியவள், அவர்களில் ஒருத்தர் கூடச் செய்யாத முட்டாள்தனத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஹெல்கா பனியாற்றின் மேல்வளைவில் பனி மெத்தை போலக் கிடக்கும் இடத்தில், சக்கரங்களோடு சேர்த்து மாட்டியிருந்த பனிச் சறுக்குக் கட்டைகளை இறக்கி, விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாள். விசிறி ஓய்ந்தது. காது அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு நிசப்தம்.

"இறங்கு."

இறங்கினாள். முழங்கால் வரை புதைந்தது.

"கோட்டைக் கழட்டு."

"குளிருதுடி."

"கழட்டுன்னேன்!"

கோட்டுக்குள் ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று மோதின. சங்கிலி வெயிலில் பளபளத்தது. ஹெல்கா பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள், ஸ்வெட்டரைப் பார்த்தாள், ஸ்வெட்டருக்குள் ஒன்றுமே இல்லாததைப் பார்த்தாள்.

ரோவீனா தயாரானாள். இப்போது வரும். 'ஐயோ, என் கண்ணே!' வரும். கண்ணீர் வரும். கட்டிப்பிடிப்பு வரும். சனிக்கிழமை ஸ்பெகட்டி வரும்.

"அறிவிருக்காடி உனக்கு?" ஹெல்கா கத்தினாள். பனிச்சுவரில் பட்டு அது திரும்பி வந்தது. "என் விமானத்துக்கிட்டயே பொய் சொல்றியா? மேகம் மூடியிருந்தா? வழி காட்டற அந்தச் சின்ன மெஷினும் செத்துப் போயிருந்தா? இந்தச் சங்கிலிய நம்பி நான் நேராப் போய் மலையில மோதணுமா?"

"எடை சரியாத்தானே இருந்தது! ஒரு பவுண்டு கூடக் குறையல. தராசு என்ன காட்டிச்சோ அதைத்தான் நீ தூக்கிட்டு வந்தே!"

"வாய மூடு! எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"உன்னோட எடை. சங்கிலி இல்லாம, குண்டு இல்லாம. நான் இங்கேர்ந்து கிளம்பியாகணும். சொல்லு."

ரோவீனா பனியைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். ஆயுசில் முதல் தடவையாக ஒரு உண்மையான எடையை வாய்விட்டுச் சொன்னாள்.

"நூத்தி நாப்பத்து மூணு."

"எதனால?"

சொன்னாள். டாக்டர் சொன்னது, மருந்து, ஆங்கரேஜ் அறை, ஆரிகன் அக்கா, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"நீ அழுதேன்னா உன்னை இங்கேயே விட்டுட்டு நடந்து போயிடுவேன்," என்றாள்.

ஹெல்கா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். ஆனால் கோபமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, சங்கிலியை இழுத்து இழுத்துச் சாமான் பெட்டிக்குள் எறிந்துகொண்டே அழுதாள். "மூணு மாசம்! மூணு மாசம் பக்கத்துல நின்னு என் காபியக் குடிச்சிருக்கே. வெஸ் பரவாயில்லடி. அவன் ஒரு லெட்டராவது எழுதி வச்சுட்டுப் போனான்!"

அந்த வார்த்தை கத்தி மாதிரி இறங்கியது. ரோவீனா பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருடம் அவனைத் திட்டினாளே, அவனை விடக் கேவலமாக அல்லவா கிளம்பத் திட்டம் போட்டிருந்தாள்!

அவள் மெல்லக் கேட்டாள்:

"ஓட்டிஸ்கிட்ட சொல்லிடுவியா?"

ஹெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த இளக்காரம் ரோவீனாவுக்கே பாடம் எடுக்கும் அளவுக்கு இருந்தது.

"முள் காட்டுறது கொட்டகையத் தாண்டக்கூடாதுன்னு எனக்குச் சட்டம் போட்டவ நீதானே? முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு தடவையாவது தாண்டியிருக்கா? என்னை யாருன்னு நினைச்சே நீ? எந்திரி. கோட்டைப் போடு. ஆங்கரேஜ்ல ஒரு அறையும் வேண்டாம். வாரா வாரம் நான் கொண்டுபோய் விடறேன். ஒரே ஒரு நிபந்தனை."

"என்ன?"

"ஒவ்வொரு தடவையும் தராசு. கோட்டு இல்லாம. பலகை என் கையில."

திரும்பும்போது திசைகாட்டி சரியாக நின்றது. ஊர் வந்ததும் ஓட்டிஸ் கடை வாசலிலேயே மறித்துக்கொண்டான்.

"என்ன ரோவீனா, கடைசியில மலையப் பார்த்துட்டே போலிருக்கே! எப்படி இருந்திச்சு?"

"கல்லு. மேல கொஞ்சம் பனி."

"கண்ணெல்லாம் செவந்திருக்கே?"

"ஹெல்கா ஓட்டற லட்சணத்துக்கு நீ போயிருந்தா ரத்தமே வந்திருக்கும்."

அக்டோபரில் சறுக்குக் கட்டைகளோடு அந்த விமானம் வியாழக்கிழமை தோறும் ஆங்கரேஜுக்குப் பறக்கத் தொடங்கியது. முன் இருக்கையில் மஃப்ளர் சுற்றிய ரோவீனா. ஊர் சும்மா இருக்குமா? ஓட்டிஸ் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான்: ரோவீனாவுக்கு ஆங்கரேஜில் ஒரு ஆள் இருக்கிறானாம். ரிடையரான விமானியாம். அறுபத்தொரு வயதில் காதலாம்! கடையில் அவள் தலை தெரிந்தாலே பெண்கள் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி துணிந்து கேட்டே விட்டாள்:

"அவர் உங்களை நல்லாப் பார்த்துக்கறாரா? இளைச்சுட்டீங்களே!"

"காதல்ல யாரும்மா சோறு திங்கறா?" என்றாள் ரோவீனா, கண்ணைக் கூட இமைக்காமல்.

முட்டாள்கள். கண்ணுக்கு எதிரே சாவு நின்றாலும் அதற்கு உதட்டுச் சாயம் பூசிப் பார்க்கிறவர்கள். ஆனாலும் காபி டப்பா வரவில்லை. அது போதும்.

வியாழன் தோறும், பறப்பதற்கு முன்னால், தகரக் கொட்டகையில் இரண்டு பேர். கோட்டைக் கழற்றிவிட்டு ஒருத்தி ஏறி நிற்பாள். இன்னொருத்தி பார்த்து, எழுதி, எதுவும் சொல்லாமல் பலகையைக் கவிழ்ப்பாள். நவம்பர், டிசம்பர், ஜனவரி. ரோவீனா எண்ணைக் கேட்பதில்லை. ஹெல்காவின் முகத்தைப் பார்த்தாலே போதும். உதட்டை அவள் எவ்வளவு இறுக்கிக்கொள்கிறாள் என்பதை வைத்து எத்தனை பவுண்டு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பிப்ரவரியில் ஒருநாள் ஹெல்கா பலகையை எழுதாமலே கவிழ்த்தாள்.

மார்ச் மாதம் இரண்டாவது வியாழன். வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ரோவீனா ஏறினாள். முள் அசைந்தது. ஹெல்கா குனிந்து பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். காலால் தராசை ஒருதரம் தட்டிவிட்டுப் பார்த்தாள்.

"இறங்கி ஏறு."

இறங்கி ஏறினாள்.

ஹெல்கா எழுதினாள். அவளுடைய இடது புருவம், முப்பத்திரண்டு வருடம் வேறொருத்தியிடம் பார்த்துப் பழகிய அதே மாதிரி, மெல்ல மேலே ஏறியது. ஏறி அங்கேயே நின்றது.

ரோவீனா அதைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"பூட்ஸ்ல பனி ஒட்டியிருக்கும்," என்றாள்.

"ஆமாமா," என்றாள் ஹெல்கா. "ரொம்பக் கனமான பூட்ஸ்."